நம்பர் அழித்தவர்கள்

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் சவரிமுத்து. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

நானும் அவனும் தென்காசியில் ஒரே ரேடியோ கடையில் தொழில் பழகினோம். கடையில் இருந்தது ஒரு ஸ்டூல். மாறி மாறி உட்கார்ந்தோம். பிறகு அவன் வடக்குத் தெருவில் கடை போட்டான். நான் ரயில்வே கேட் பக்கம் போட்டேன்.

1987-ல் பொட்டலூர் பஞ்சாயத்து டிவி படுத்துவிட்டது. ஊருக்கு அது ஒன்றுதான் டிவி. அதற்கு முன்னால் அதைப் பழுது பார்த்தவன் சவரிமுத்து. அந்த வாரம் அவன் ஊரில் இல்லை. என்னைக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம், சினிமா போடுகிற நேரம். ஊரே சாவடி முன்னால் உட்கார்ந்திருந்தது.

பின்மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு ஐ.சி. கெட்டிருந்தது. அது கறுப்பாக, இரண்டு பக்கமும் கால் முளைத்த ஒரு சில்லு. முதுகில் நம்பர் அச்சடித்திருக்கும். அந்த நம்பரைப் பார்த்துத்தான் அதே மாதிரி இன்னொன்று வாங்கிப் போட முடியும்.

இதன் முதுகில் நம்பர் இல்லை. சவரிமுத்து அதை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து எடுத்திருந்தான். வேறு எந்த மெக்கானிக்கும் கை வைக்கக் கூடாது, செட் தன்னிடமே திரும்பி வர வேண்டும் என்ற எண்ணம்.

எனக்கு அப்போது வயது இருபத்தைந்து. ஊர் பார்க்கிறது. அளவும் கால்களும் ஒத்துப்போகிற ஒரு ஐ.சி. பையில் இருந்தது. அதைப் போட்டேன். சுவிட்சைத் தட்டினேன்.

புகை வந்தது.

அன்றிலிருந்து நான் சொர்ணலிங்கம் இல்லை, புகைலிங்கம். பெண் பார்க்கப் போன வீட்டில் என் மாமனார் காப்பியை நீட்டிக்கொண்டே கேட்டார். "பொட்டலூர்ல புகை விட்டது நீங்கதானா?"

சவரிமுத்து எனக்கு ஒரு வாக்கியம் தர வேண்டும். "அந்த நம்பரை அழிச்சது நான்தான்." இவ்வளவுதான். 2003-ல் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் நேராகவே கேட்டேன். அவன் அன்று பரிமாறிக்கொண்டிருந்தான்.

"ஏ, இன்னுமாடே அதைப் பிடிச்சுத் தொங்குதே?" என்று சிரித்தான். என் இலையில் பாயசம் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டான்.

நான் அந்தப் பாயசத்தைத் தொடவில்லை.

தொழில் போன கதையை நீட்ட வேண்டாம். ரேடியோ போனது, டிவி வந்தது. டேப் ரிக்கார்டர் போனது, சிடி வந்தது. அரசாங்கம் வீட்டுக்கு வீடு டிவி கொடுத்த வருஷங்களில் என் கடையில் செட் வைக்க இடம் இல்லாமல் பக்கத்து சலூனில் அடுக்கி வைத்தேன். பிறகு தட்டை டிவி வந்தது. அதற்குள் இருக்கிற சாமான்கள் அரிசிக் குருணை அளவு. திறந்து பார்க்கவே யாரும் விடவில்லை. கெட்டால் புதிதுதான். என் கடையில் விளக்கு எரிந்தது, ஆள் வரவில்லை.

ஐப்பசியில் என் மகன் ராசகுமார் சொன்னான்.

"தை ஒண்ணாம் தேதியில இருந்து உங்களுக்குக் கல்யாண மண்டபத்துல வாட்ச்மேன் வேலை. பேசிட்டேன்ப்பா. விசில்கூட அவங்களே தாராங்க."

விசிலை மேஜை மேல் வைத்தான். புது விசில்.

"தை வரைக்கும் பொறு" என்றேன். "அதுக்குள்ள ஒரு இடம் பிடிச்சிருதேன்."

அந்த இடம் இசக்கியம்மாளின் பட்டறை.

அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். என் மகளைவிடச் சின்னவள். ஒரு தனியார் ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டிவி பிரிவுக்கு வாத்தியாராக இருந்தவள். ஒரு வருஷம் இருபது பேர் சேர்ந்தார்கள். அப்புறம் ஒன்பது பேர். அப்புறம் மூன்று. ஒரு வருஷம் யாரும் சேரவில்லை. பிரிவை மூடிவிட்டார்கள். அவள் அங்கே கிடந்த மேஜைகளை வாங்கிக்கொண்டு வந்து, ஓடாமல் கிடந்த ஒரு மாவு மில்லில் போட்டாள். இப்போது அங்கே ஏழு மெக்கானிக்குகள் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். வயதைப் பார்க்காமல் நானும் டீச்சர் என்றே கூப்பிட்டேன்.

முதல் நாள் நான் வாசலில் நின்றதும் கேட்டாள்.

"வாங்க அண்ணாச்சி. செட் எங்க?"

"செட் இல்ல டீச்சர். நான்தான் வந்திருக்கேன்."

"உங்களுக்கு என்ன கம்ப்ளைன்ட்?"

"கண்ணு மங்கல். வாய் நீளம். மாடல் ரொம்பப் பழசு."

"ஸ்பேர் கிடைக்கிறது கஷ்டம்" என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை. "உள்ள வந்து உட்காருங்க."

உள்ளே சுவரில் பெயிண்டால் எழுதியிருந்தது. "நம்பர் அழிப்பவருக்கு இங்கே இடம் இல்லை."

அதைப் படித்ததும் என் நெஞ்சு குளிர்ந்தது. சவரிமுத்துவுக்கென்றே எழுதி வைத்தது போல இருந்தது. இவள்தான் என் குரு என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன்.

ஆனால் அங்கே ஒரு வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. எந்தச் செட்டைச் சரி செய்தாலும், மூடுவதற்கு முன் ஒரு சீட்டு எழுதி பின்மூடியின் உள்பக்கம் ஒட்ட வேண்டும். என்ன தேதி, என்ன பழுது, எந்த நம்பர் சாமான் போட்டோம், போட்டவர் யார். ஒருவர் எழுதியதற்குக் கீழே அடுத்தவர் எழுதுவதற்கு வரி விட்டிருப்பார்கள்.

"டீச்சர், எல்லாத்தையும் எழுதி வச்சிட்டா அடுத்தவன் அஞ்சு நிமிஷத்துல வேலையை முடிச்சிட்டுப் போயிருவானே. நம்ம வித்தை என்ன ஆவது?"

அவள் எழுந்தாள். அலமாரியிலிருந்து ஒரு ஸ்டெபிலைசரை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"இதைக் கொஞ்சம் பாருங்க."

திறந்தேன். உள்ளே ஒரு சீட்டு. மூன்று கையெழுத்து. முதல் வரி ராஜபாளையத்து ஆள் ஒருவர். இரண்டாவது சங்கரன்கோவில். மூன்றாவது யாரென்று எனக்குத் தெரியவில்லை. கோழிக் கிறுக்கல். ஆனால் "ரிலே மறுபடியும் ஒட்டும், இதையே முதலில் பார்க்கவும்" என்று எழுதியிருந்தது. பார்த்தேன். அதுதான் பழுது. மாற்றினேன்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டாள்.

"அஞ்சு நிமிஷம்."

"அப்போ டீ குடிக்கலாம், வாங்க."

டீக்கடையில் அவள் வடை விலை ஏறியதைப் பற்றியே பேசினாள். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

கார்த்திகை முதல் வாரத்தில் மைதீன் பிச்சை ஒரு டேப் ரிக்கார்டரைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். கொசக்கடை முக்கில் தையல் கடை வைத்திருக்கிறவர். இரட்டை ஸ்பீக்கர் வைத்த பெரிய செட். இலஞ்சியில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது, பழசாகவே வாங்கினாராம்.

"இப்பத்தான் போன்ல எல்லாப் பாட்டும் வருதே பாய்?" என்று பட்டறையில் ஒருவன் கேட்டான். அவன் பெயர் குத்தாலம். எல்லோரையும் வம்புக்கு இழுப்பான்.

"வருது. நடுவுல விளம்பரமும் வருது. நான் பாட்டுக்கு ஏத்தாப்புல மிதிச்சு மிதிச்சுப் பழகினவன். திடீர்னு ஒருத்தி சோப்பு வாங்குங்கன்னு கத்துதா. காலு தடுமாறுது, தையல் கோணுது. போன வாரம் ஒரு பிளவுஸ் நாசம். அந்தம்மா என்னைக் கிழிச்சிட்டா."

டீச்சர் செட்டைத் திறந்து உள்ளே பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். மூடி என்னிடம் தள்ளினாள்.

"அண்ணாச்சி, இது உங்க பொறுப்பு. மார்கழி முடியதுக்குள்ள பாடணும். பாடினா அந்த ஜன்னலோர மேஜை உங்களுக்கு."

நான் மேஜையைப் பார்த்தேன். விசிலையும் நினைத்துக்கொண்டேன்.

திறந்தேன். சத்தத்தைப் பெருக்குகிற ஐ.சி. கெட்டிருந்தது. பன்னிரண்டு கால். முதுகைத் துடைத்துப் பார்த்தேன். மொழுமொழுவென்று இருந்தது. நம்பர் இல்லை.

"சவரிமுத்து!" என்று கத்தினேன். "படுபாவி, இங்கேயும் வந்துட்டியா! முப்பத்தெட்டு வருஷம் கழிச்சும் என் மடியில கை வைக்கானே!"

ஏழு பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"அவர்தான்னு தெரியுமா?" என்று டீச்சர் கேட்டாள்.

"வேற எவன் செய்வான்? இந்தப் பக்கம் உப்புத்தாள் எடுத்தவன் அவன் ஒருத்தன்தான்."

அவள் தன் வேலைக்குத் திரும்பினாள்.

ஐ.சி.யைக் கழற்ற வேண்டுமென்றால் அதன் மேல் கிடந்த ஒயர் கட்டை ஒதுக்க வேண்டும். ஒதுக்கினேன். ஒயர்களைப் பச்சை நைலான் நூலால் கட்டியிருந்தார்கள். மீன்வலை பின்னுகிற நூல். இரண்டு விரல் தூரத்துக்கு ஒரு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சும் இடது பக்கம் சாய்ந்திருந்தது.

நான் இடதுகைக்காரன்.

அந்த நூலை என் மைத்துனன் தூத்துக்குடியிலிருந்து வாங்கி வந்து தருவான். இந்த வட்டாரத்தில் அதில் ஒயர் கட்டியவன் நான் ஒருவன்தான். கட்டு அழகாக இருக்கிறது என்று என் வாடிக்கையாளர்கள் சொல்வார்கள்.

ஆமாம், நானும் அழித்திருக்கிறேன். பொட்டலூர்ப் புகைக்கு மறுவாரமே உப்புத்தாள் வாங்கினேன். இருபது வருஷம் நான் போட்ட ஒவ்வொரு ஐ.சி.யையும் தேய்த்தேன். அவன் செய்தான், நானும் செய்தேன். ஆனால் அவன்தான் முதலில் செய்தான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

ஆனால் அந்தப் பட்டறையில் சொல்ல முடியவில்லை. சுவரில் எழுதியிருந்தது.

மூடியைச் சாத்தினேன். மறுநாள் வந்ததும் சவரிமுத்துவை இன்னும் சத்தமாகத் திட்டினேன். அதற்கு மறுநாள் அதைவிட சத்தமாக.

"அண்ணாச்சி, சவரிமுத்துக்கு இன்னைக்குப் பூசை முடிஞ்சுதா? நான் ரேடியோ போடலாமா?" என்றான் குத்தாலம்.

அவர்கள் சிரித்தார்கள். நான் உள்ளுக்குள் தேடிக்கொண்டிருந்தேன். 1996 அல்லது 97. இலஞ்சியில் மாடி வீடு. செட் ஞாபகம் வந்தது. அந்த வீட்டு நாய்கூட ஞாபகம் வந்தது. என்ன நம்பர் போட்டேன் என்பது மட்டும் வரவில்லை. என் நோட்டுப் புத்தகம் எல்லாம் கடை காலி செய்யும்போது போய்விட்டது. எவனும் தெரிந்துகொள்ளக் கூடாது என்று அழித்தேன். எனக்கும் தெரியாமல் போய்விட்டது.

பன்னிரண்டு கால் ஐ.சி. ஐந்தாறு வகை உண்டு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். தவறானதைப் போட்டால் புகைதான்.

ஐந்தாம் நாள் டீச்சரிடம் போய் நின்றேன்.

"டீச்சர், நம்பர் இல்லாம என்ன செய்ய?"

"கால் இருக்கா?"

"பன்னிரண்டும் இருக்கு."

அவள் மீட்டரை எடுத்து என் கையில் வைத்தாள். "பேரை விடுங்க. ஒவ்வொரு காலும் எங்க போவுதுன்னு மட்டும் பாருங்க."

"அது மூணு நாள் வேலை."

"மூணு நாள் நீங்க திட்டியாச்சே."

பழைய காலண்டர் தாள்களை எடுத்துக்கொண்டேன். பின்பக்கத்தில் ஐ.சி.யைப் படமாக வரைந்தேன். கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி. ஒரு காலில் மீட்டர் முள்ளை வைப்பேன். இன்னொரு முள்ளால் போர்டு முழுக்கத் தேடுவேன். கீ என்று சத்தம் வந்தால் அந்தக் கால் அங்கே போகிறது. இது கரன்ட் வருகிற கால். இது எர்த் கால். இது வால்யூம் குமிழிலிருந்து வருகிறது. இது பெரிய கண்டென்சர் வழியாக இடது ஸ்பீக்கருக்கு. இது வலதுக்கு.

நாற்பது வருஷத் தொழிலில் நான் ஒரு ஐ.சி.யை இப்படிப் பார்த்ததில்லை. நம்பரைப் பார்ப்பேன், வாங்குவேன், போடுவேன். அது உள்ளே யாரோடு எல்லாம் பேசிக்கொண்டிருக்கிறது என்று கேட்டதே இல்லை. இரண்டாம் நாள் மத்தியானம் சாப்பிட மறந்துவிட்டேன். குத்தாலம் என் தூக்குச்சட்டியைத் திறந்து பாதியைச் சாப்பிட்டுவிட்டு, மீதியை எனக்கு ஊட்டுவது போலக் காட்டினான். நான் அவனைத் திட்டவில்லை. அவனுக்கே ஆச்சரியம்.

"டீச்சர், எட்டாவது காலு எங்கேயும் போகல. சும்மா நிக்கி."

"அதையும் எழுதுங்க."

"சும்மா நிக்கிறதை எழுதி என்ன செய்ய?"

"எழுதுங்க அண்ணாச்சி."

எழுதினேன். அந்தச் சும்மா நின்ற காலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். ஐந்தாறு வகையில் எட்டாவது கால் வேலை செய்யாதது ஒன்றே ஒன்று. பட்டறைக் குப்பைப் பெட்டியில் ஒரு பழைய ஆம்பிளிஃபயரில் அது கிடந்தது. எடுத்துப் பற்றவைத்தேன்.

பிளக்கைச் சொருகப் போனேன். கை நின்றது.

டீச்சர் எழுந்து வந்து சீரிஸ் பல்பை நகர்த்தி வைத்தாள். அது சாதாரணக் குண்டு பல்பு. செட்டுக்குப் போகிற கரன்ட் முதலில் அதன் வழியாகப் போகும். உள்ளே தப்பு இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து நின்றுவிடும், செட் பிழைத்துக்கொள்ளும். தப்பு இல்லையென்றால் ஒரு மினுக்கு மினுக்கி அடங்கிவிடும்.

மாட்டினேன். சுவிட்சைத் தட்டினேன். பல்பு மினுக்கியது. அடங்கியது. செட் பாடியது.

ஏழு பேரும் கை தட்டினார்கள். குத்தாலம் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "புகை வாசனையே இல்லையே!" என்றான்.

இனி சீட்டு எழுத வேண்டும்.

சீட்டு என் முன்னால் கிடந்தது. தேதி எழுதினேன். புது ஐ.சி.யின் நம்பரை எழுதினேன். பேனாவை மூடியிருக்கலாம். பழைய நம்பரை அழித்தவன் யாரென்று யாரும் கேட்கவில்லை. மேஜை கிடைத்துவிட்டது. விசிலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஆனால் நான் அங்கே மூன்று நாள் சவரிமுத்துவைத் திட்டியிருக்கிறேன். அந்த ஆள் இந்தச் செட்டைத் தொட்டதே இல்லை. அவன் எனக்குச் செய்தது வேறு. செய்யாததற்கும் அவனைத் திட்டினால், செய்ததற்குத் திட்டுவது என்ன ஆகும்?

முதல் வரிக்கு மேலே இடம் நெருக்கி எழுதினேன். "1996 அல்லது 97. ஐ.சி. மாற்றி நம்பரை அழித்தது. சொர்ணலிங்கம்."

சீட்டை டீச்சரிடம் கொடுத்தேன். என் கருவிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன், போகச் சொன்னால் போவதற்கு.

அவள் படித்தாள். சுவரைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

"அந்த உப்புத்தாள் இன்னும் வச்சிருக்கீங்களா?"

பெட்டியின் அடித்தட்டில் இருந்தது. பழுப்பேறிய ஒரு துண்டு. ஏன் இத்தனை வருஷம் வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. எடுத்துக் கொடுத்தேன்.

அவள் அதை இரண்டாகக் கிழித்தாள். செட்டின் பேட்டரிக் குழியைத் திறந்தாள். தகடுகளில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. ஒரு துண்டால் தேய்க்க ஆரம்பித்தாள். இன்னொரு துண்டை என்னிடம் நீட்டினாள்.

"அந்தப் பக்கத்தை நீங்க தேயுங்க."

தேய்த்தோம். தகடு வெள்ளையாக வந்தது.

"உங்களுக்கு எப்பத் தெரியும் டீச்சர்?"

"முதல் நாளே. முடிச்சு இடது பக்கம் சாயுது. இங்க இடதுகைக்காரர் நீங்க ஒருத்தர்தான்."

"பிறகு ஏன் சொல்லல?"

"நீங்கதான் தேடிட்டு இருந்தீங்களே. நடுவுல நான் எதுக்கு?"

மைதீன் பிச்சை வந்து ஒரு கேசட்டைப் போட்டார். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவர் கால் தரையை மிதிக்க ஆரம்பித்தது. பாட்டு முடிகிற வரைக்கும் மிதித்தார்.

"என் மருமகன்கிட்ட ஒரு செட் இருக்கு. எறியப் போறான். நாளைக்குத் தூக்கிட்டு வாரேன்" என்றார்.

ராசகுமாரிடம் விசிலைக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "எங்க வீட்டுத் தட்டை டிவியில பாதிதான் படம் தெரியுது. பார்க்க முடியுமாப்பா?" என்று கேட்டான். அதற்கும் கால்கள் உண்டு என்றேன். அவனுக்குப் புரியவில்லை. ஆனால் மறுநாள் கொண்டு வந்துவிட்டான்.

எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. இருந்தாலும் எனக்கு ஒன்று உறுத்தியது. ஜன்னலோர மேஜையிலிருந்து பார்த்தால் ரோடு தெரியும். தினமும் பதினோரு மணிக்கு சவரிமுத்து அந்த வழியாக சைக்கிளில் போவான். அவன் தொழிலை விட்டுப் பத்து வருஷம் ஆகிறது. தலை நரைத்து, கூன் விழுந்திருந்தது. என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

டீச்சரிடம் கேட்டேன்.

"நான் என்னோடதை எழுதிட்டேன். அவன் அவனோடதை எப்போ எழுதுவான்?"

"பொட்டலூர் டிவி இப்போ எங்க இருக்கு?"

"புகைக்குப் பிறகு புது டிவி வாங்கிட்டாங்க. அது பஞ்சாயத்து ஆபீஸ் சாமான் அறையில கிடக்கு. எடைக்குப் போடப் போறாங்களாம்."

"கொண்டு வாங்க."

லோடு ஆட்டோவில் கொண்டு வந்தேன். மேஜை மேல் நான்கு பேர் சேர்ந்து தூக்கி வைத்தோம். கூடவே வந்த பஞ்சாயத்து கிளார்க் தம்பி, "இதைப் போய் எதுக்குண்ணே?" என்று கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தான்.

பின்மூடியைக் கழற்றினேன். முப்பத்தெட்டு வருஷத் தூசி. ஊதினேன். கரிந்த தடம் அப்படியே இருந்தது. நான் போட்ட ஐ.சி. வெடித்துக் கிடந்தது. டிவிப் பெட்டியின் மூலையில் ஒரு பழைய பீடிக்கட்டுத் தாள். அதற்குள் நான் அன்று கழற்றிப் போட்ட பழைய ஐ.சி. முதுகு மொழுமொழுவென்று.

"பாருங்க!" என்றேன். ஐ.சி.யைத் தூக்கிக் காட்டினேன். "எல்லாரும் வந்து பாருங்க!"

எல்லோரும் வந்து பார்த்தார்கள். குத்தாலம் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் கிண்டல் எதுவும் செய்யவில்லை.

"அண்ணாச்சி இத்தனை நாளும் சொன்னது நெசம்தான்" என்றான்.

அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்க எனக்கு அறுபத்து மூன்று வயது ஆயிற்று. ஆனாலும் அதைச் சொல்ல வேண்டியவன் குத்தாலம் இல்லை.

கால்களைத் தேடினேன். நான்கு நாள் ஆனது. சரியான ஐ.சி.யை மதுரையிலிருந்து வரவழைத்தோம். சீரிஸ் பல்பு போட்டேன். மினுக்கியது, அடங்கியது. திரையில் முதலில் மணல் மாதிரி புள்ளிகள். பிறகு கேபிள் பெட்டியை இணைத்ததும் ஒரு பெண் செய்தி வாசித்தாள். கறுப்பு வெள்ளையில், கொஞ்சம் மங்கலாக. பட்டறையில் ஏழு பேரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து முழுச் செய்தியையும் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் சாவடி முன்னால் உட்கார்ந்த மாதிரி.

டீச்சர் புதுச் சீட்டு ஒன்றை எடுத்து பின்மூடியின் உள்பக்கம் ஒட்டினாள். நான் பேனாவோடு முதல் வரிக்குப் போனேன். அவள் அந்த வரியின் மேல் விரலை வைத்தாள்.

"உங்களோடதை எழுதுங்க."

இரண்டாவது வரிக்கு இறங்கினேன். இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. அன்றைக்குப் பொட்டலூரில் என் பையில் சீரிஸ் பல்பு இருந்தது. மாட்டவில்லை. ஊர் பார்க்கும்போது பல்பு மாட்டினால், எனக்கே சந்தேகம் என்று தெரிந்துவிடும். அதனால் மாட்டவில்லை.

எழுதினேன். "1987. சீரிஸ் பல்பு போடாமல் ஐ.சி. மாற்றினேன். புகை. சொர்ணலிங்கம்."

மூன்றாவது வரியில் இந்த வருஷத்தையும் புது நம்பரையும் எழுதினேன்.

மணி பதினொன்று. ரோட்டில் சைக்கிள் வந்தது. பட்டறைக்குள் பழைய டிவி ஓடுவது தெரிந்திருக்க வேண்டும். சவரிமுத்து ஒரு காலை ஊன்றி நின்றான். டிவியைப் பார்த்தான். இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. அப்புறம் மிதித்துக்கொண்டு போய்விட்டான்.

"டீச்சர், முதல் வரி காலியா கிடக்கே. அவன் எழுதவா போறான்? நானே அவன் பேரை எழுதிரட்டுமா?"

"அது நீங்க எழுத வேண்டிய வரி இல்ல அண்ணாச்சி."

"சரி. மூடியைப் போட்டுத் திருகிரட்டுமா?"

அவள் ரோட்டைப் பார்த்தாள்.

"இப்ப வேண்டாம். டிவியோட முதுகு ரோட்டைப் பார்க்கிற மாதிரி திருப்பி, மூடியைச் சீட்டு தெரியுத மாதிரி பக்கத்துல சாத்தி வைங்க. பேனாவை உங்க பச்சை நூலால அதுல கட்டி விடுங்க. வாசல் வரைக்கும் எட்டுத மாதிரி, நீளமா விட்டுக் கட்டுங்க."